ஏலகிரியின் முதல் வளைவு

ஓய்வு பெற்றதும் புதிய கியர் சைக்கிள் வாங்கி, மலைப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தேன். விதிமுறைகளை மனப்பாடம் செய்தேன். தினமும் கோட்டூர்புரம் பாலத்தில் ஏறி இறங்கிப் பழகினேன். எனக்குக் கிடைத்த மலை அதுதான்.

ஏலகிரியில் ஏற்றம் சுலபமாகவே முடிந்தது. இறக்கத்தின் முதல் வளைவில்தான், பாலத்தில் வளைவே இல்லை என்பது உறைத்தது. பயத்தில் முன் பிரேக்கை இறுக்கினேன். சைக்கிள் சறுக்கி என்னைப் புதரில் தள்ளியது. ஒரு முழம் தள்ளிப் பூமியே இல்லை. கீழே மேகம் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. வலி மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் வந்த ராயப்பேட்டைப் போட்டியாளர் பதறி நிறுத்தினார். "இன்னா நைனா, உசுரோட கீறியா?"

"இருக்கேன். இங்கே வந்து பாருங்கோ!"

எட்டிப் பார்த்தவர், "யம்மாடி! இத்தப் பாக்கத்தான் வியுந்தியா?" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது பரங்கிமலைச் சாலையில் பழகுகிறேன். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். அடுத்த பந்தயத்தில் அந்த இடம் வந்தால், கடைசியாக வந்தாலும் பரவாயில்லை, இறங்கி நின்று பார்ப்பேன்.