சவரிமுத்து அண்ணன் ஏற்றுக்கொண்ட தவறு

போன செவ்வாய்க்கிழமை ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தபோது எங்கள் பழைய அலுவலக ஓட்டுநர் போன் செய்தார். "அக்கா, நம்ம சவரிமுத்தண்ணே போயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." வரிசையை விட்டு விலகி நின்றேன். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது பயம்: இனி உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில், காசநோயாளிகளுக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் எங்கள் சிறிய தொண்டு நிறுவனத்தில் அவரோடு இருந்த உங்களுக்கு அவருடைய தட்டச்சுச் சத்தம் நினைவிருக்கும். டைப்ரைட்டரில் பழகிய கை, கம்ப்யூட்டரையும் ஓங்கியே அடிக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குள் போய், கறுப்புத் திரையில் பச்சை எழுத்தாக இருநூறு நோயாளிகளின் பெயர்களையும் ஊர்களையும் அவர்தான் ஏற்றினார். ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை வாசிப்பார். "பேரத் தப்பா அடிச்சா மாத்திரை வேற வீட்டுக்குப் போயிரும் தாயி" என்பார். ஏற்றி முடித்ததும், இனி எதற்குக் குப்பை என்று நோயாளிகளின் விவரம் எழுதிய பழைய அட்டைகளை எடைக்குப் போடச் சொன்னவள் நான்.

பிறகு விண்டோஸ் போட்ட புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பட்டியல் இருந்த பழைய டிஸ்க்கைக் கழற்றி அதிலேயே சேர்த்து மாட்டினேன். "ப்ளாப்பியில ஒரு காப்பி எடுத்துக்கிருவமா?" என்று கேட்டார். "அதெல்லாம் வேண்டாம்ணே" என்றேன். புது டிஸ்க்கை ஃபார்மேட் செய்வதாக நினைத்துப் பழையதை அழித்துவிட்டேன். திரும்பப் பார்த்தபோது ஒரு பெயர்கூட இல்லை.

நான் அப்போது தற்காலிக ஊழியர்; ஆறு மாதக் கர்ப்பிணி. இயக்குநர் வந்து யார் செய்தது என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே அண்ணன், "நான்தாங்கய்யா. தெரியாமச் செஞ்சுட்டேன்" என்றார். பிறகு வராந்தாவில் என்னிடம், "ஒன்னைய வேலைய விட்டே அனுப்பிருவாங்க. என்னைய வெயில்ல அனுப்புவாங்க, அம்புட்டுத்தான்" என்றார்.

அப்படியே அனுப்பினார்கள். ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஊர்களில் மொபெட்டில், நினைவை வைத்தே வீடு வீடாகப் போய்ப் பட்டியலை மறுபடியும் எழுதினார். அவர் நினைவில் விடுபட்டுப்போன ஒரு வீடு பூ விவசாயி ஒருவருடையது. யாரும் வரவில்லையே என்று அந்த மனிதர் மாத்திரையை நிறுத்தியிருந்தார். விஷயம் தெரிந்ததும் அண்ணன்தான் அவரை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்து மருத்துவமனையில் சேர்த்தார். சில நாட்களில் அந்த விவசாயி இறந்துபோனார். அன்று அலுவலகம் வந்த அண்ணன் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "ஒரு வாரம் முந்திப் போயிருக்கணும் தாயி" என்றார். என்னைக் குறைசொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் இயக்குநரிடம் போய் உண்மையைச் சொல்லவில்லை. அதன்பின் அவர் கம்ப்யூட்டர் அறைக்குள் வரவே இல்லை.

துக்கம் கேட்கப் போன வீட்டில் அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா செஞ்ச தப்பால ஒருத்தர் செத்துட்டாராமே அத்தை? கடைசி வரைக்கும் அதுதான் அவருக்குக் கொறை" என்றாள். எழுந்து வந்துவிட்டேன்.

அவளும் நீங்களும் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன்: அழித்தது நான். வேலை நிரந்தரமாகி, ஓய்வு பெறும்வரை அதே நாற்காலியில் இருந்தேன். என் மகனைப் படிக்கவைத்தது அந்த வேலை. சவரிமுத்து அண்ணன் கொடுத்ததென்று என்னிடம் இருப்பது அந்த வருடங்கள் அத்தனையும்தான்.