அண்டாவின் அடிச்சோறு

அம்மா இறந்து நாற்பது நாள் ஆகிறது. வருகிறவர்கள் எல்லோரும் "அம்மாவை நல்லா பாத்துக்கின" என்கிறார்கள். கேட்கும்போது உடம்பு கூசுகிறது.

போன வருஷம் எங்கள் சபையில் அன்பின் விருந்து வைத்தார்கள். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் தகரக் கூரை போட்ட சிறிய சபை. ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் பிரியாணி. செம்பரம்பாக்கத்துக் குடோனில் என்னோடு மூட்டை இறக்குகிற நண்பனைக் கூட்டிப் போயிருந்தேன். நாங்கள் இலங்கையிலிருந்து வந்த குடும்பம் என்று அவனுக்குத் தெரியாது. நான் இங்கேயே பிறந்தவன், பேச்சும் இந்த ஊர்ப் பேச்சுதான். அம்மா வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். அதனால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் படுத்திருக்கிறாள் என்று அவனிடம் சொல்லி வைத்தேன். அம்மா பெண்கள் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டு நின்றோம். சமையல்காரர் காலி அண்டாவில் தண்ணீர் ஊற்றப் போனார். ஊறினால்தான் அடியில் பிடித்த சோறு சுரண்ட வரும். அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"தண்ணி ஊத்தாதேங்கோ தம்பி. நான் சுரண்டி எடுக்கிறன்."

"அது தீஞ்சி பூட்ச்சுமா. நாய் கூட துன்னாது. நல்ல சோறு கீது, கட்டித் தரேன்."

"நல்லதை எல்லாரும் தின்னுவினம். எனக்கு இதைத் தாங்கோ."

அண்டாவைச் சாய்த்து, தலையை உள்ளே விட்டுச் சுரண்டினாள். கரிக்கட்டி மாதிரி சோறு தூக்குவாளியில் விழுந்தது.

"யாரு மச்சான் அந்தம்மா? பேச்சே ஒரு மாதிரி கீது" என்றான் நண்பன்.

"தெர்ல மாமே. இங்க வரும், போவும்."

அம்மா அண்டாவிலிருந்து தலையை எடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. வாளியை மூடிக்கொண்டு வேறு வழியாகப் போனாள்.

வீட்டுக்கு வந்தும் நான்தான் கத்தினேன். "இன்னாத்துக்கு மானத்த வாங்குற? நாம இன்னா சோத்துக்கு இல்லாமலா கீறோம்?"

அப்போதுதான் சொன்னாள். சண்டை அவர்கள் ஊரைத் தாண்டிப் போனதும் காட்டிலிருந்து திரும்பியிருக்கிறார்கள். வீடு இல்லை. அடுக்கி வைத்த நெல் மூட்டைகள் எரிந்து இன்னும் புகைந்துகொண்டிருந்தன. கடை கிடையாது, ரோட்டில் லாரி வராது. மேலே எல்லாம் சாம்பல். உள்ளே கையை விட்டுக் கருகின நெல்லை அள்ளி, குத்தி, ஏழெட்டுத் தண்ணீரில் கழுவிக் கஞ்சி வைத்தாளாம். எவ்வளவு கழுவினாலும் புகை நாற்றம் போகாதாம். எனக்கு முன்னால் பிறந்த அக்காவுக்கு அப்போது நாலு வயது. நாறுது என்று துப்பியிருக்கிறாள். அம்மா முதுகில் அடித்து அடித்து ஊட்டினாள். அக்கா இரண்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாள்.

"பிள்ளைக்கு அடிச்செல்லோ தீத்தினனான். அதை நான் எப்பிடி எறியிறது?"

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "செரி, சபைல மட்டும் எடுக்காத" என்றேன்.

அதற்குப் பிறகு அம்மா சபை விருந்துகளுக்கு வரவில்லை. கேட்டவர்களிடம் முழங்கால் நோவு என்றாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது சோறு இறங்குவதில்லை.

அடக்கத்துக்கு நண்பன் வந்தான். என் பக்கத்தில் நின்று பெட்டிக்குத் தோள் கொடுத்தான். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே டீ வாங்கித் தந்தான்.

"அன்னிக்கே தெரியும் மச்சான். அண்டாவாண்ட பாத்தப்பவே. அப்டியே உன் மூஞ்சி."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீதான தெர்லன்ன."

எங்கம்மாதான் என்று அங்கேயாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினேன்.