சாமி வந்த பாட்டு

மகனின் போனில் ஓடிய பாட்டில் ஒருவன் அலறினான். என் கையிலிருந்த காபி தளும்பிவிட்டது. ஐம்பது வருஷமாகியும் அந்த ஊளையை என் காது மறக்கவில்லை.

நான் வயசுக்கு வந்து மஞ்சள் நீராட்டு நடந்த நாள் அது. இனிப் பள்ளிக்கூடம் கிடையாது என்று அப்பா சொல்லிவிட்டிருந்தார். ரேடியோ செட் கட்ட வந்த பாய், மலை சுற்ற வந்த வெள்ளைக்காரர் கொடுத்த இசைத்தட்டை முதலில் வைத்தார். கலங்கிய வண்ணங்களுக்கு நடுவே உறையில் ஆனைமுகம் இருந்ததால் பிள்ளையார் பாட்டு என்று நம்பிவிட்டார்.

ஊளையும் கிடாரும் இடியாக விழுந்தன. ஆரத்தித் தட்டு என் காலடியில் உருண்டது. பெண்கள் காதைப் பொத்தினார்கள், இளவட்டங்கள் விசிலடித்தார்கள். "யோவ் பாய், நிறுத்துய்யா!" என்று அப்பா பாய்ந்தார்.

அதற்குள் அப்பாவின் தங்கை மல்லிகா அத்தை தலைமுடி அவிழ ஆட ஆரம்பித்திருந்தாள். அண்ணன் எதிரில் வாய் திறக்காதவள். சாமி வந்தால் மேளத்தை நிறுத்தக்கூடாதே! பாட்டு முடிந்ததும் அப்பாவே கெஞ்சினார்: "இன்னொரு வாட்டி போடுங்க பாய்!"

மூன்றாவது முறை ஓடும்போது அத்தை அப்பாவின் சட்டையைப் பிடித்தாள்.

"எம் புள்ளைய ஸ்கூல உட்டு நிறுத்துவியாடா? நாளைக்கே அனுப்புடா!"

டா போட்டுவிட்டாள்! அப்பாவோ கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அனுப்பறேன் தாயே" என்றார். நான் படித்து டீச்சராகி, இப்போது ரிட்டயரும் ஆகிவிட்டேன்.

"இதப் பாடின ஆளு இந்த ஒரே பாட்டோட காணாமப் போய்ட்டான்மா" என்றான் மகன்.

அத்தைக்கும் அதற்குப் பிறகு சாமி வந்ததே இல்லை.