இடுப்புக் கயிற்றில் ஒரு சாவி

மாரண்டஹள்ளியில் ஒரு வீட்டு வாசலில் நான்கைந்து பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீடு பூட்டியிருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

எதிர்வீட்டுக்காரரை முந்தின வாரம் தக்காளி மண்டியில் பார்த்திருந்தேன். மறதி நோயாளிகளுக்குத் தருமபுரியில் பகல்நேர இல்லம் தொடங்கும் குழுவில் நான் இருக்கிறேன். அந்த நோயாளிகளின் குடும்பங்களைப் பார்த்துப் பேசி, போட்டோ எடுத்துவரத்தான் போனேன். ஒல்லியான ஆள், நரைத்த மீசை. ஒவ்வொரு கூடையை இறக்கியதும் கை இடுப்புக்குப் போய், அரைஞாண் கயிற்றில் கட்டிய சாவியைத் தொட்டுப் பார்க்கும். பூட்டிய வீட்டுக்குள் அவர் மனைவி. கதவு திறந்திருந்தால், பிறந்த வீட்டுக்குப் போகிறேனென்று ரோட்டுக்கு வந்துவிடுவாராம்.

"அதுக்காக ஆள உள்ள வெச்சுப் பூட்டலாங்களா?" என்று படபடத்தேன்.

"தொறந்து வுட்டுட்டு வர்றேன். நீங்க போயி ஒக்காந்துக்கறீங்களா தம்பி?"

"தருமபுரியில சென்டர் வருதுங்க. தெனம் காலையில கூட்டியாந்து வுட்டா..."

"அவளக் கூட்டிக்கிட்டு தெனம் பஸ் ஏறுனா மண்டிக்கு யாரு வருவா? போட்டோ புடிச்சிட்டீங்கல்ல, கெளம்புங்க. லோடு வந்துருச்சு."

எங்களிடம் இருக்கும் பணத்துக்கு ஒரு கட்டடமும் திறப்பு விழாவும்தான் வரும். பார்த்துக்கொள்ள ஆள் போட மிஞ்சாது. விழாவை மட்டும் குழுவில் யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நாளை அந்தப் பெண்களிடம் கேட்கப் போகிறேன். அவர் மண்டியில் இருக்கும் நேரத்தில் புளியை அவர் வீட்டில் வைத்துத் தட்டி, அந்த அம்மாவையும் கூட உட்கார்த்திக்கொள்வார்களா? சம்மதித்தால் அவர்களுக்குக் கூலி தரச் சொல்லிக் குழுவோடு சண்டை போடுவேன். ஆனால் போட்டோ எடுத்த என்னை நம்பி அவர் அந்தச் சாவியை அவிழ்ப்பாரா?