மேடு வரவேண்டிய இடம்

என் அக்கா ஜிஷா ஐரோப்பாவில் எதையோ தேடுகிறாள் என்று கொச்சியில் எங்கள் கொச்சங்காடி முழுக்கப் பேச்சு. தேடுவதெல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். அங்கே புரோட்டான்களை மோதவிட்டுப் பதிவு செய்ததை இங்கே கணினியில் உட்கார்ந்து அலசுகிறாள்.

அணுவுக்கும் உள்ளே குவார்க் என்று ஒன்று உண்டாம். அதில் ஒன்றும் அதன் எதிர்க்குவார்க்கும் சேர்ந்தால் மீசான் என்ற சாதாரணத் துகள். அக்காவுக்கு வேண்டியது நான்கு சேர்ந்த விசித்திர மீசான். பிறந்த கையோடு அது சிதறிவிடும். சிதறியவற்றைக் கூட்டி எடை போட்டால் வரைபடத்தில் ஓரிடத்தில் மேடு எழும்ப வேண்டும். எழும்பினால் புதுத் துகள். நான்கு வருடமாக அவள் சரியாகச் சாப்பிடாமல் கிடப்பது அந்த மேட்டுக்காக.

மேடு வரவேண்டிய இடத்தையோ கணினியில் மூடி வைத்திருந்தார்கள். அலசும் முறையை அங்குள்ள விஞ்ஞானிகள் குழு ஒன்று ஒப்புக்கொள்ளும்வரை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. அது அவர்கள் வழக்கம். இவள் பதில் அனுப்புவாள், குழு அடுத்த கேள்வியை அனுப்பும். நான் போர்ட் கொச்சியில் ஹோட்டல் சமையல்காரன். ஒரு தோசைக்கு இத்தனை கேள்வி கேட்டிருந்தால் கரண்டியை வீசிவிட்டு வந்திருப்பேன்.

"ஒரு தடவ நோக்கிட்டா ஆருக்குத் தெரியும்?" என்றேன்.

"எனக்குத் தெரியுமே அஜீஷ். பாத்துட்டா, மேடு வர்ற மாதிரியே கணக்கு போடத் தோணும்."

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுமதி வந்தது. அம்மா சாயாவோடு வந்து நின்றாள். அக்கா திறந்தாள். கோடு சமமாகப் போய், நடுவில் லேசாக வீங்கி, மறுபடி சமமாகப் போனது.

"மோளே, கிட்டிச்சா?"

"இது போதாதும்மா. துகளே இல்லேன்னாலும் சும்மாவே இவ்வளவு வீங்கும்."

"கணக்குல எதையாவது கொஞ்சம் தளர்த்திப் பாரேன்" என்றேன். எதைத் தளர்த்தினால் அது உயரும் என்று அவளுக்குத் தெரியும்.

"இனி ஒண்ணையும் தொடக் கூடாது" என்றவள் அழுதுவிட்டாள். எனக்கு அந்த வீக்கத்தின் மேல்தான் ஆத்திரம். அடியோடு இல்லாமல் இருந்து தொலைத்திருக்கலாம்.

அம்மா அவள் தலையைத் தடவினாள். "போட்டே மோளே, போனாப் போகுது. இல்லேன்னு சொல்லிட்டு வேற சோலியப் பாரு."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படிச் சொல்லிட முடியாதும்மா. இல்லேன்னு சொல்றதுக்கும் அந்தக் குழு சம்மதிக்கணும்."