விசாகப்பட்டினத்தில் நான் அடித்த பந்து

விசாகப்பட்டினத்தில் நான் கோல்ஃப் பந்தைக் குழிக்குள் அடித்தேன். எங்கள் ஊர் ஆரம்பாக்கத்தில் சொன்னால் யாரும் நம்பவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

என் மகன் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை செய்கிறான். லீவு கிடைத்ததும் என்னையும் மருமகளையும், ஊத்துக்கோட்டையிலிருந்து அவளுடைய அம்மாவையும் ரயிலேற்றிக் கூட்டிப்போனான். சம்பந்தியம்மாள் யாரிடமும் கலகலவென்று பேசுவார். நான் நாலு பேர் இருந்தால் வாய் திறக்கமாட்டேன். அஞ்சாவதோடு படிப்பு நின்றது. அப்புறம் நாற்றும் களையும்தான்.

எங்கே போனாலும் "நான் பையப் பாத்துக்கறேன்" என்று ஓரமாக உட்கார்ந்துவிடுவேன். கல்யாண வீட்டிலும் அப்படித்தான். இந்தத் தடவை உட்காரக் கூடாது, எல்லோரும் செய்வதை நானும் செய்ய வேண்டும் என்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தேன். ஆனால் முதல் நாள் அவர்கள் அலையில் இறங்கினார்கள், நான் மணலில் பைகளோடு இருந்தேன். கரையில் ஏற்றி வைத்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் போனார்கள், நான் வெளியே இருந்தேன். சாயந்திரம் குச்சிப்புடி நடனத்திலும் மடி நிறையப் பை. ஆடியவர்களின் கால் எனக்குத் தெரியவே இல்லை. என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் கோல்ஃப் மைதானம். புதியவர்களும் அடித்துப் பார்க்கலாமாம். சொல்லிக்கொடுக்க ஒரு தெலுங்குப் பெண் நின்றாள். மகன், மருமகள், சம்பந்தியம்மாள் மூவரும் அடித்தார்கள். ஒரு பந்தும் குழிக்குப் போகவில்லை. மகன் மட்டையைத் திருப்பித் தரப் போனான். நான் பைகளைக் கீழே வைத்தேன்.

"நானும் அடிக்கறேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

புல்லின் ஓரத்தில் செருப்பைக் கழற்றினேன். குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நடவுக்கு இறங்கும்போது செய்வதைக் கை தானாகச் செய்துவிட்டது.

"இன்னா அண்ணி, நாத்து நடப் போறீங்களா?" என்றார் சம்பந்தியம்மாள்.

"சும்மா இரும்மா" என்றாள் மருமகள், அவளும் சிரித்துக்கொண்டே.

வேறு நாளாக இருந்தால் திரும்பியிருப்பேன். அன்று முந்தானையை இழுத்துச் செருகினேன். முதல் அடி புல்லில் பட்டது. பந்து அசையவில்லை.

"உடும்மா, வெய்யிலா கீது. போலாம்" என்றான் மகன்.

"இருடா நைனா. இன்னொரு வாட்டி."

மெதுவாகத் தட்டும்படி அந்தப் பெண் கையால் காட்டினாள். தட்டினேன். பந்து உருண்டு போய், குழியின் விளிம்பில் நின்றுவிடும்போலத் தயங்கி, உள்ளே விழுந்தது. விழுந்த சத்தமும் கேட்டது.

முதலில் கை தட்டியது சம்பந்தியம்மாள்தான். "எங்க அண்ணிய இன்னான்னு நெனச்ச" என்று அந்தத் தெலுங்குப் பெண்ணிடம் தமிழிலேயே கேட்டார்.

சாயந்திரம் மறுபடி கடற்கரை. மருமகள் பழக்கத்தில் பையை என்னிடம் நீட்டினாள்.

"எம்புள்ளகிட்ட குடு" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

இடுப்பு வரை தண்ணீர் வந்தது. புடவை நனைந்து கனத்தது. அடுத்த அலை வருவதற்குள் நானே இன்னும் முன்னால் போனேன்.