நரி முகத்தில் முழிக்க வந்தவர்கள்

மகள் மதுரைக்கு பஸ் ஏறினால், போய்ச் சேர்ந்தேன் என்று போன் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் தென்னந்தோப்பில் இரண்டு நரிக்குட்டிகள் வளர்ந்தன என்று சொன்னால் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். அதுகளைக் காட்டில் விட்டுவிட்டு வந்து ஒரு மாதம் ஆகிறது. அதில் பாதி நாள் எனக்குப் படபடப்போடுதான் கழிந்தது.

உச்சிப்புளிப் பக்கம் தாய் நரி ரயிலில் அடிபட்டுச் செத்தது. உடைமரக் காட்டுக்குள் மணல் வளையில் கிடந்த குட்டிகளைக் கண்டு சொன்னவர் ஒரு கிடைக்காரர். ஆடுகளைத் தோப்பு தோப்பாக அடைத்து, உரத்துக்குக் கிடை போடுகிறவர். என் மகள் விலங்கியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். வனத்துறைக்கு உதவியாகச் சம்பளமில்லாமல் வேலை செய்யும் சில பிள்ளைகளோடு அவளுக்குப் பழக்கம். குட்டிகளை வளர்த்துத் திரும்பக் காட்டில் விட, வளைக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் வேண்டும் என்று அதிகாரிகள் கேட்டார்கள். அவள் எங்கள் தோப்பைச் சொல்லிவிட்டாள். என்னிடம் பிறகுதான் சொன்னாள்.

"கடிச்சு வச்சா என்னத்தா செய்யிறது?"

"எனக்கும் ஊசி போட்டாச்சு, அதுகளுக்கும் போட்டாச்சு. உங்களுக்கு வேணும்னா ஒண்ணு போடச் சொல்லவா அய்யா?"

தோப்பின் கோடியில் கம்பிவலை அடித்துக் கூண்டு போட்டோம். விதிகள் எல்லாம் மகளுடையவை. தடவக் கூடாது, கொஞ்சக் கூடாது, பேர் வைக்கக் கூடாது, கூண்டுப் பக்கம் பேச்சே கூடாது. பால் குடிக்கிற நாளில் அவள் மட்டும் போவாள். நண்டும் மீனும் தின்னத் தொடங்கியதும் அந்த வேலை எனக்கு வந்தது. என் மனைவி பேர் வைக்காமல் பெருசு, சிறுசு என்று கூப்பிட்டாள். அது பேர் இல்லையாம்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, கிடுகுக்காரர் வரும்வரை. கூண்டுக்குக் கூரை வேயக் கிடுகு கொண்டு வந்த பெரியபட்டினத்துக்காரர் விடியற்காலையில் குட்டிகளைப் பார்த்துவிட்டுப் போனார். அன்று மத்தியானமே அவர் மகனுக்குத் துபாய் விசா வந்துவிட்டது. நரி முகத்தில் முழித்தால் யோகம் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நரி எங்கே அகப்படும்? இங்கே கம்பிவலைக்குள் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போதே ஆள் வந்துவிட்டது. தூங்கி எழுந்து முதலில் பார்க்கும் முகமாக இருக்க வேண்டும் என்பதால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்கள். கணவன் கையைப் பிடித்து மனைவி வருவாள், அம்மா கையைப் பிடித்துப் பரீட்சைக்குப் போகும் மகள் வருவாள். தென்னை மரத்தில் இடித்துக்கொண்டவர்கள் உண்டு. பாம்பனிலிருந்து ஒரு படகுக்காரர் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். கையைப் பிடித்துவந்த மச்சான், "கண்டக்டர் இவரு கண்ணாசுபத்திரிக்குப் போறாருன்னு நெனச்சு, உக்கார எடம் புடிச்சுக் குடுத்தாரு" என்று சிரித்தான்.

எனக்கு யாரையும் போ என்று சொல்ல வாய் வரவில்லை. பரீட்சைக்குப் போகிற பிள்ளையை எப்படித் திருப்பி அனுப்புவது? வேலிப்படலைப் பூட்டினேன். கண்ணை மூடிக்கொண்டே வேலி தாண்டினார்கள். வந்தவர்கள் சும்மாவும் வரவில்லை. ஒருவர் பிஸ்கட், ஒருவர் வறுத்த நெத்திலி.

ஒரு வாரம்தான். காலடிச் சத்தம் கேட்டால் ஓடி ஒளிந்த குட்டிகள், சத்தம் கேட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு கம்பிக்கு ஓடி வரத் தொடங்கின. சிறுசு கம்பியில் மூக்கை நுழைத்து ஆள் கையை நக்கியது. அதைப் பார்த்துவிட்டு வந்த மகள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இதுகளை இப்படியே விட்டா, நேரா ஆட்டுக் கிடைக்கு வாலை ஆட்டிக்கிட்டுப் போகும் அய்யா. குட்டி தூக்க வந்துருச்சுன்னு அடிச்சே கொன்னுருவாக. இன்னும் பத்து நாள் இப்படிப் போச்சுன்னா விடவே முடியாது. காலம் பூரா கூண்டுதான்."

இதைத் தீர்த்து வைத்தது என் மனைவி. பாம்பன் படகுக்காரர் நான்கைந்து நாள் கழித்துத் திரும்பவும் வந்தார், இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு, பெருங்கோபத்தோடு.

"மாதாவே! உங்க நரி மொகத்துல முழிச்சிட்டுப் போயி வலை பாறையில மாட்டிக் கிழிஞ்சு போச்சு. இதென்ன நரியா, பூனையா?"

மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை. "ஏண்ணே, அதுவே தாயைப் பறிகுடுத்துட்டுக் கூண்டுக்குள்ள அடைபட்டுக் கெடக்கு. அதுக்கே யோகமில்ல, உங்களுக்கு எங்கிட்டிருந்து எடுத்துக் குடுக்கும்? தன்னால குறுக்க போற நரிக்குத்தான் யோகம். அடைச்சு வச்ச நரி மொகத்துல முழிச்சா அடைபட்ட பலன்தான்."

படகுக்காரர் ஒரு நிமிடம் யோசித்தார். முகம் மாறியது. "அட ஆமால்ல," என்று சொல்லிவிட்டு, எங்கள் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். பஸ்ஸில் போகும்போதே சொல்லியிருப்பார் போல. மறுநாள் விடியலில் ஒரு ஆள் இல்லை. கிடுகுக்காரர் மட்டும் வேகுவேகென்று வந்து, "என் மகன் துபாய்க்குப் போய்ச் சேர்ந்துட்டானே, அவனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டார். அவர் மகனுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு என்று என் மனைவி தைரியம் சொல்லி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு பழகியதை மறக்கடிக்க வேண்டும். கூண்டைச் சுற்றிச் சாக்குப்படுதா கட்டினோம். தீனியை ஒரு குழாய் வழியே தள்ளினோம். மனித வாடை என்றால் பயம் என்று அதுகள் படிக்க வேண்டும், அதைப் படிப்பிக்க மகள் என்னைப் பிடித்தாள். என் காலடிதான் அதுகளுக்கு நன்றாகத் தெரியும். படுதாவை விலக்கும் என்னைக் கண்டு சிறுசு வாலை ஆட்டும்போதெல்லாம் நான் காலி மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிக் கத்த வேண்டும். பெற்ற பிள்ளையையே அதட்டாதவன் நான். முதல் நாள் நான் தட்டிய தட்டுக்கு அது காதைக்கூட அசைக்கவில்லை.

"தாலாட்டுறீகளா?" என்றாள் மனைவி.

பெருசு சீக்கிரம் தேறியது. ஆளைக் கண்டாலே மூலைக்கு ஓடும். சிறுசு என் டின்னுக்கு விலகும், நின்று திரும்பிப் பார்க்கும். மகளுக்கு ஆராய்ச்சி வேலை கிடைத்து, கிளம்பும் நாள் நெருங்கியது. இரண்டையும் ஒன்றாகத்தான் விட வேண்டும் என்றாள்.

ஒரு சாயங்காலம், வனத்துறை ஆட்கள் தூரத்தில் நிற்க, கடலை ஒட்டிய மணல்மேட்டில், குட்டிகளை அடைத்துக் கொண்டுபோன பெட்டியைத் திறந்தோம். பெருசு திரும்பிப் பார்க்காமல் உடைமரத்துக்குள் மறைந்தது. சிறுசு பத்தடி போனது. நின்றது. பிறகு நேராக என்னை நோக்கி வந்தது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆட்டு மணிச் சத்தம் கேட்டது. மகள் என்னைப் பார்த்தாள். நான் டின்னைத் தட்டினேன். அது வந்துகொண்டே இருந்தது. எனக்குள் என்ன புகுந்ததோ, டின்னை அதன் முன்னால் மணலில் ஓங்கி அடித்து, "போ! செத்துப் போவே, போ!" என்று அலறினேன். என் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. மகள்கூட இரண்டடி பின்னால் நகர்ந்தாள். சிறுசு வயிறு தரையில் பட ஒடுங்கி, ஒரு கணம் என்னைப் பார்த்தது. பிறகு ஓடியது. மணல் தெறிக்க ஓடியது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மகள் வேலைக்குக் கிளம்பிப் போய் இரண்டு வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை. பயந்து ஓடியதா, என்மேல் கோபித்து ஓடியதா? பிறகு ஒரு நாள் கிடைக்காரர் வந்தார்.

"உங்க பிள்ளைகளைப் பார்த்தேன். ரெண்டும் நண்டு தோண்டிக்கிட்டு நின்னுச்சு. இந்தா, இம்புட்டுத் தூரத்துல நான் இருமினேன், அம்புட்டுத்தான். சின்னது முன்னால ஓடுது, பெருசு பின்னால ஓடுது. கம்பை ஓங்கவே விடல."

"சின்னதா முன்னால ஓடுச்சு?"

"சின்னதுதான். அப்படி ஒரு ஓட்டம்."

உடனே மகளுக்குப் போன் போட்டேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "இம்புட்டுத் தூரம்னா எம்புட்டு? கேட்டுச் சொல்லுங்க" என்றாள். கேட்டேன். கிடைக்காரர் தோப்பை ஒரு பார்வை பார்த்து, மறு கோடியில் இருந்த கிணற்றைக் காட்டினார். "இங்கன இருந்து கிணறு வரைக்கும்."

சொன்னேன். "கிணறு வரைக்கும்னா போதும் அய்யா," என்றாள். "பொழச்சுக்கிரும்."

அன்று மத்தியானம் நான் இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.